முதலில் கைப்பிடி, ட்ரிகர் அப்புறம்

கேள்வி: எனக்கு வயது 43. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மகளைத் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்த்துவிடப் போனவன், நானும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழக ஆரம்பித்துவிட்டேன். கிளப்பில் மூத்தவர் ஒருவரிடம் பழைய ஸ்டெயர் எல்பி10 பிஸ்டலை விலைக்கு வாங்கினேன். 60 குண்டுகளுக்கு 540-ஐ ஒட்டியே ஸ்கோர் நிற்கிறது. கைப்பிடி எனக்குப் பெரிது. கட்டைவிரல் இடுக்கில் வலிக்கிறது. ட்ரிகரை இன்னும் லேசாக்கினால் பலன் இருக்குமா? குழலில் எடை சேர்க்கலாமா? முன்போல் சைட் (பிஸ்டலின் மேல் குறி பார்க்க இருக்கும் முனை) பளிச்சென்று தெரிவதில்லை, சிவப்புப் புள்ளியை வைத்துக் குறி பார்க்கும் ரெட் டாட் மாட்டலாமா? உரிமம் பெற்று .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தெரிந்த லேத் பட்டறையில் ட்ரிகர் ஸ்பிரிங்கை மாற்றித் தருகிறார்கள் என்கிறார். அதுவும் சரியா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரே வரிதான்: "கைப்பிடி எனக்குப் பெரிது." நீங்கள் கேட்டிருக்கும் மற்ற எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அங்கேயிருந்து தொடங்குவோம். இன்னொருவருடைய உள்ளங்கைக்கு இழைத்த மரத்தைப் பிடித்துக்கொண்டே 540 வரை வந்திருக்கிறீர்கள். ஒரு குண்டுக்குப் பத்துக்குச் சராசரி 9. பிஸ்டலிலும் உங்களிடமும் பெரிய குறை இல்லை என்று இதிலிருந்தே தெரிகிறது.

கைப்பிடியைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் இருக்கும். பின் சைட் பள்ளத்தின் நடுவில் நிற்க வேண்டிய முன் சைட் அரை மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு சுமார் 15 மில்லிமீட்டர் விலகிப் போகும். தசமக் கணக்கில் முழு மதிப்பான 10.9 ஆகியிருக்க வேண்டிய குண்டு 9.1-க்கு இறங்கிவிடும். அதே சமயம் இரண்டு சைட்டும் ஒன்றோடொன்று நேராக இருந்து, கை மட்டும் இலக்கின் மேல் 5 மில்லிமீட்டர் அலைந்தால், குண்டும் அதே 5 மில்லிமீட்டர்தான் விலகும். அப்போதும் அது 10 தான். கை அலைவதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் ஸ்கோரைத் தின்பது மணிக்கட்டுக்கு முன்னால் நடக்கும் அந்த அரை மில்லிமீட்டர். அதைத் தீர்மானிப்பது கைப்பிடி.

உங்கள் கைப்பிடி பொருந்துகிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். காற்றுச் சிலிண்டரைக் கழற்றி வையுங்கள், குழல் காலியா என்று பாருங்கள், பாதுகாப்புக் கயிற்றைக் குழலுக்குள் விடுங்கள். மகள் அறையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வரிசை மாறக் கூடாது. பிறகு வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். இடது கையால் குழலைப் பிடித்து, வலது கையைப் பின்னாலிருந்து கைப்பிடிக்குள் நன்றாக ஏற்றி உட்கார வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்துங்கள், வழக்கமான உயரத்துக்கு வந்ததும் திறங்கள். முன் சைட் பள்ளத்தின் நடுவில், மேல்விளிம்பு சமமாக நிற்கிறதா? ஒருதடவை சரியாக வந்தால் நம்பிவிடாதீர்கள், பலமுறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் முன் சைட் ஒரே பக்கம் ஒதுங்கினால் கைப்பிடியில்தான் வேலை இருக்கிறது.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். சைட் இரண்டும் நேராக இருந்து, மொத்தப் பிஸ்டலும் இலக்குக்கு இடமோ வலமோ காட்டினால் அது கால் வைக்கும் இடத்தின் கோளாறு. பின்காலைக் கொஞ்சம் நகர்த்தினால் சரியாகிவிடும், மரத்தைச் சுரண்ட வேண்டாம். சைட்டுகளே ஒன்றோடொன்று சேராமல் போனால் மட்டும்தான் கைப்பிடி. கால் செய்த தப்புக்குக் கைப்பிடியை அரத்தால் ராவிக் கெடுத்துக்கொண்டு வருபவர்களை ரேஞ்சில் நிறையப் பார்க்கிறேன்.

அடுத்து, கை எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று பார்க்க வேண்டும். உள்ளங்கையிலும் விரல்களிலும் கரும்பலகைச் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு பிடியுங்கள். வண்ணச் சாக்பீஸாக இருந்தால் நல்லது. கையை எடுத்துப் பார்த்தால் மரத்தில் தடம் இருக்கும். பெரிய கைப்பிடியில் சின்னக் கை பிடித்தால், உள்ளங்கைக் குழியில் தடமே இல்லாமலும் கட்டைவிரல் இடுக்கில் அழுத்தமாகவும் விழும். உங்கள் வலிக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். குழியில் பிடிமானம் இல்லாததால் பிஸ்டலின் எடை முழுக்க இடுக்கில் தொங்குகிறது.

இங்கே உடனே அரத்தைத் தூக்காதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் துணி பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி, வெற்றிடம் இருக்கும் பகுதியில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டுங்கள். ஒரு அடுக்கு ஒட்டியதும் கண்ணை மூடிப் பார்க்கும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வலப்பக்கம் ஒட்டினால் பிஸ்டல் எந்தப் பக்கம் திரும்புகிறது, கீழே ஒட்டினால் மூக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதெல்லாம் உங்கள் கையே உங்களுக்குச் சொல்லிவிடும். பிஸ்டலை மூக்கு வாக்கில் சாய்த்துக்கொள்ளவும் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளவும் பல பந்தயப் பிஸ்டல்களில் கைப்பிடி இணையும் இடத்திலேயே திருகு வசதி உண்டு. உங்களுடையதில் இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். பிளாஸ்திரியோடு சில வாரம் சுடுங்கள். சரியாக இருக்கிறது என்று நம்பிக்கை வந்த பிறகு பிளாஸ்திரியை உரித்துவிட்டு அதே இடத்தில் எம்-சீல் அல்லது மரப் புட்டியை வைத்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கையால் பிடித்து அச்சு பதிய விடலாம். கையில் மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் புட்டி கையோடு வந்துவிடும். காய்ந்ததும் உப்புத்தாள்.

தேய்ப்பதற்கு முன் கைப்பிடியைப் பிஸ்டலிலிருந்து முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். மரத்தூள் ட்ரிகர் பகுதிக்குள் போனால் அதை வெளியே எடுப்பது பெரிய வேலை. கடைசியில் மேற்பரப்பை வழவழப்பாக்காதீர்கள், வார்னிஷும் வேண்டாம். கரூர் வெயிலில் கை வேர்க்கும். மரம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால்தான் பிடி நழுவாது.

ட்ரிகர் விரல் மரத்தின் மேல் எங்கும் உரசக் கூடாது. இதை மட்டும் தனியாகச் சரிபாருங்கள். மற்ற விரல்களால் பிடித்துக்கொண்டு, ட்ரிகர் விரலுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். உரசினால் அந்த இடத்தில் மட்டும் மரத்தைக் குறைக்கலாம். விரல் நேராகப் பின்னால் வராமல் மரத்தைத் தள்ளிக்கொண்டே வந்தால் குண்டு பக்கவாட்டில் போகும்; அதை ட்ரிகர் கனமாக இருப்பதால் வந்த குறை என்று நினைத்துக்கொள்வோம். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கலாம்.

உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் தாங்கியையும் பாருங்கள். அது கையை மெல்லத் தொட்டால் போதும். சிலர் அதை மேலே ஏற்றிக் கையை இறுக்கிக்கொள்கிறார்கள், பத்து குண்டுக்குள் விரல் மரத்துப்போய் நடுங்க ஆரம்பிக்கிறது.

விதியையும் மனதில் வையுங்கள். சர்வதேச விதிப்படி ஏர் பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் உள்ளளவு கொண்ட பெட்டிக்குள் அடங்க வேண்டும். புட்டி வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது அந்த 50-இல்தான். கட்டைவிரல் பக்கம் கொஞ்சம், உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் என்று சேர்த்துக்கொண்டே போய், போட்டியன்று கருவிச் சோதனை மேஜையில் பெட்டிக்குள் போகாமல் நிற்பார்கள். தெரிந்த ஆசாரியிடம் சொன்னால் அதே அளவில் ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்று செய்து தருவார். உள்ளங்கைத் தாங்கி கைப்பிடியோடு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும். அதன் ஓரம் மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது. கைப்பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டுக்கு ஆதரவு தரக் கூடாது. சுடும் கையில் கைக்கடிகாரம், காப்பு எதுவும் கூடாது. கோயில் கயிறு கட்டியிருந்தால் போட்டிக்கு முன்பே நடுவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இத்தனையும் செய்து பார்த்தும் பொருந்தவில்லை என்றால் உங்கள் அளவில் புதுக் கைப்பிடி வாங்குவதுதான் வழி. தயாரிப்பாளரே வெவ்வேறு அளவுகளில் தருகிறார்கள். ஜெர்மனியின் ரிங்க் போன்றவர்கள் உங்கள் கையின் வரைபடத்தை வாங்கிக்கொண்டு அதற்கேற்பச் செய்து கொடுக்கிறார்கள். செலவு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இந்தப் பிஸ்டலுக்கு நீங்கள் செய்யும் செலவுகளில் வீண் போகாத செலவு இது. பழைய கைப்பிடியைத் தூக்கி எறியாதீர்கள், என்றாவது பிஸ்டலை விற்கும்போது தேவைப்படும்.

சைட் பளிச்சென்று தெரியவில்லை என்கிறீர்கள். 43 வயதில் இது எல்லோருக்கும் வருவது. கிட்டத்தில் இருப்பதைக் குவித்துப் பார்க்கும் திறன் நாற்பதை ஒட்டிக் குறைய ஆரம்பிக்கிறது. பிஸ்டலில் கண் குவிய வேண்டியது முன் சைட்டில். இலக்கின் கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும். உங்களுக்கு இப்போது அது தலைகீழாக நடக்கிறது: இலக்கு தெளிவாகவும் முன் சைட் மங்கலாகவும் தெரிகிறது. ரெட் டாட் இதைத் தீர்க்கும்தான், ஆனால் சர்வதேச விதிப்படி நடக்கும் பிஸ்டல் போட்டிகளில் திறந்த சைட் மட்டுமே அனுமதி. பிஸ்டலின் மேல் லென்ஸ் பொருத்தவும் கூடாது. பொழுதுபோக்குக்கு மட்டும் சுடுவதென்றால் மாட்டிக்கொள்ளுங்கள். போட்டி ஆசை இருக்கிறதென்றால் வேண்டாம், இரண்டு பழக்கம் ஒன்றையொன்று கெடுக்கும்.

கண்ணாடி போட்டுக்கொள்வதற்குத் தடையில்லை. கண் மருத்துவரிடம் போகும் முன், பிஸ்டலை உயர்த்தி நின்று, கண்ணிலிருந்து முன் சைட் வரை எவ்வளவு தூரம் என்று வீட்டில் யாரையாவது டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். அந்த எண்ணை மட்டும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பிஸ்டலை மருத்துவமனைக்கு எடுத்துப் போக வேண்டாம். தூரப்பார்வைக்கான பவருக்கு மேல் +0.50 அல்லது +0.75 சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்த அளவே போதும். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுடாதீர்கள், அது புத்தகத் தூரத்துக்கானது. பழைய எல்பி10 என்பதால் முன் சைட்டின் அகலத்தையும் பாருங்கள். பின் சைட் பள்ளத்தில் முன் சைட்டுக்கு இருபுறமும் வெளிச்சக் கீற்று தாராளமாகத் தெரிய வேண்டும். உங்கள் வயதில் குறுகிய கீற்று கண்ணைச் சோர்வாக்கும். பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்குங்கள்.

இனி ட்ரிகர். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தபட்சம் 500 கிராம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறக்கினால் போட்டியில் நுழைய முடியாது. சுட்டு முடித்த பிறகு நடக்கும் திடீர்ச் சோதனையில் அகப்பட்டால் அத்தனை ஸ்கோரும் போய்விடும். ஆகவே "இன்னும் லேசாக்கலாமா" என்பதற்கு, ஏற்கனவே 500-ஐ ஒட்டி இருந்தால், கூடாது என்பதுதான் பதில். ஆனால் அந்த 500-ஐ எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. ட்ரிகரில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் விரல் நகர்ந்து ஒரு தடையில் போய் நிற்கும், அந்தத் தடையைத் தாண்டுவது இரண்டாவது கட்டம். முதல் கட்டத்திலேயே பெரும்பங்கு எடையை வைத்துக்கொண்டால் தாண்டுவதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். மொத்தம் மாறாமலே ட்ரிகர் லேசானதுபோல் இருக்கும். முதல் கட்டம் 380, மீதி இரண்டாவது என்ற அளவில் தொடங்கிப் பாருங்கள். மொத்தத்தை 510 அல்லது 520-இல் வையுங்கள். கச்சிதமாக 500 வைத்தவர்கள் ஊர் விட்டு ஊர் போய், பிஸ்டல் குலுங்கி, 495 ஆகிப்போய் நிற்பார்கள்.

இதற்கெல்லாம் திருகுகள் இருக்கின்றன. கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு திருகு, அதுவும் கால் சுற்று. தொடங்குமுன் ஒவ்வொரு திருகும் இப்போது இருக்கும் நிலையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடையைச் சோதிக்கும்போது பாதுகாப்பான திசையில், குழலில் பெல்லட் இல்லாமல், சோதனை மேஜையில் செய்வதுபோலக் காற்று ஏற்றிய நிலையில் பாருங்கள். குழல் செங்குத்தாக மேல்நோக்கி இருக்க, தரையில் இருக்கும் எடைக்கட்டியை ட்ரிகரால் மெல்லத் தூக்க வேண்டும். இதை ரேஞ்சில் வைத்துச் செய்யுங்கள், வீட்டில் வேண்டாம். உள்ளே இருக்கும் கொக்கிகளின் முனையைத் தேய்ப்பது, ஸ்பிரிங்கை வெட்டுவது இதெல்லாம் கூடவே கூடாது. கொக்கி முனை தேய்ந்த பிஸ்டல் மேஜையில் வைக்கும்போதே தானாகச் சுட்டுவிடலாம்.

குழலில் எடை சேர்ப்பதற்கு அவசரம் இல்லை. மொத்தம் ஒன்றரைக் கிலோ வரை விதி அனுமதிக்கிறது. முன்பக்கம் எடை கூடினால் அலைவு மெதுவாகும், உண்மைதான். ஆனால் 75 நிமிடத்தில் 60 தடவை தூக்க வேண்டும். நாள் முழுக்க மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் நீங்கள். தோளுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்துவிட்டு இந்தக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்.

உங்கள் நண்பரின் லேத் பட்டறை விஷயம் வேறு. உங்களுடையது 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டல், அதிலிருந்து கிளம்பும் குண்டின் ஆற்றல் 20 ஜூல் வரம்புக்கு வெகு கீழே. அதனால் அதற்கு ஆயுத உரிமம் தேவையில்லை. அவருடைய .22 அப்படி அல்ல, அது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் துப்பாக்கி. அந்தச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் மாற்றுவதையும் தொழிலாகச் செய்பவருக்கு அதற்கான உரிமம் வேண்டும் என்கிறது. நண்பரிடம் இருப்பது வைத்திருக்கும் உரிமம். பட்டறைக்காரரிடம் எதுவும் இல்லை. சிக்கல் வந்தால் இரண்டு பேருக்கும் வரும். இன்னொன்று, .22 பயன்படும் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் ட்ரிகர் குறைந்தபட்சம் 1000 கிராம். ஏர் பிஸ்டலில் பழகிய விரலுக்கு அது கல்லாக இருக்கும், அதனால்தான் ஸ்பிரிங்கை மாற்றத் தோன்றுகிறது. மாற்றினால் போட்டிக்கு ஆகாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடமோ தயாரிப்பாளரின் சர்வீஸுக்கோ அனுப்பி, 1000-ஐ விட்டு இறங்காமல், ட்ரிகர் பிசிறில்லாமல் இழுபடும்படி செய்து தரச் சொல்லட்டும். .22 வெடித்துச் சுடும் துப்பாக்கி; ட்ரிகர் தன்னிஷ்டத்துக்கு விட்டுவிட்டால் பக்கத்து லேனில் நிற்பவர் உயிர் போகும். தயவுசெய்து இதை அவரிடம் நேரிலேயே சொல்லுங்கள்.

எதை மாற்றினாலும் ஒருமுறைக்கு ஒன்று மட்டும். கைப்பிடியும் கண்ணாடியும் ட்ரிகரும் ஒரே வாரத்தில் மாறினால், ஸ்கோர் ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று தெரியாது. ஒரு நோட்டில் தேதி, செய்த மாற்றம், அன்றைய பத்துப் பத்துக் குண்டுகளின் ஸ்கோர் என்று எழுதி வாருங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. போட்டிக்கு முந்தைய மூன்று நான்கு வாரம் எதையும் தொடாதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 2021-இல் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகி, அதைச் சரிசெய்வதற்குள் நேரம் கரைந்து, இறுதிச் சுற்று கைவிட்டுப் போனது. பாரிஸில் 2024-இல் அவரே இரண்டு வெண்கலம் வென்றார். இயந்திரம் அதுவாகவே கெட்டுப்போகும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. நாமும் போய்க் கடைசி நேரத்தில் திருகைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி, சாதாரணக் கண்ணாடியோடு சுட்டு வெள்ளி வென்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைக் காட்டி "கருவி எதுவும் தேவையில்லை" என்று சொல்பவர்கள் அவர் கையிலிருந்த பிஸ்டலைக் கவனிப்பதில்லை. அதுவும் இதே 500 கிராம் ட்ரிகரும், கைக்கேற்றபடி செதுக்கிய கைப்பிடியும் உள்ள பந்தயப் பிஸ்டல்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டியது: பழைய பிஸ்டல் என்பதால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைக்கும் பாத்திரம் அது, ஆயுள் 10 ஆண்டு. தாண்டியிருந்தால் நன்றாக வேலை செய்கிறதே என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். அதைவிட, அது இருப்பது உங்கள் முகத்துக்கு ஒரு கை தூரத்தில். காற்று ஏற்றும் இணைப்பில் எண்ணெய், கிரீஸ் எதையும் தடவ வேண்டாம். உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பிடிக்கும். உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக்கும் பகுதியில் கசிவு தெரிந்தால் அதையும் பிரிக்காமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள். சிலிண்டர் காலாவதியாகியிருந்தால் கைப்பிடிக்குப் புட்டி வாங்குவதற்கு முன் புது சிலிண்டருக்குச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், நாளாகும்.